ஞானசிகாமணி என்றொரு வண்டு

ஜன்னலோரம் நீங்களே உட்கார்ந்துகொள்ளுங்கள் அம்மா. தேனிக்கும் மதுரைக்கும் நடுவே இந்தச் சாலையில் நான் பார்க்காதது ஒன்றும் மிச்சமில்லை. டீச்சரா என்று கேட்டீர்கள். டீச்சர் இல்லை, பேராசிரியை. விலங்கியல். ஓய்வு பெற்றுவிட்டேன். நான் பேசுவது புத்தகத்தை வாசிப்பதுபோல் இருக்கிறது என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. வாழ்நாள் முழுக்க வகுப்பெடுத்த வாய். ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட அதற்குத் தெரியாது.

உசிலம்பட்டியில் தையற்கடை என்றீர்கள். நல்லது. அளவெடுத்து வேலை செய்கிறவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. அளவு தெரியாதவர்களோடுதான் என் காலம் முழுக்கக் கழிந்தது.

மதுரைக்கு ஒரு விழாவுக்குப் போகிறேன். என் பழைய மாணவி ஒருத்தி, பாண்டீஸ்வரி என்று பெயர், என்னை மேடைக்கு அழைத்திருக்கிறாள். அவள் என்ன சாதித்தாள் என்று கேட்டால் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. வண்டு. புதிய இனத்து வண்டு. ஆனால் அவளுக்கு முன்னால் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கதை அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

வண்டு என்றதும் நீங்கள் கையளவு கறுப்பாக ஒன்றை நினைத்துக்கொள்கிறீர்கள். எங்கள் கல்லூரி முதல்வரும் அப்படித்தான் நினைத்தார். என் வண்டு ஒன்றரை மில்லிமீட்டர். சாக்குத் தைக்கிற கோணி ஊசியின் காதில் நுழைந்து மறுபக்கம் வந்துவிடும். தரையில் ஓடி வேட்டையாடுகிற வண்டுகள் ஒரு பெரிய குடும்பம். அதில் சில மண்ணுக்குள் இறங்கிப்போய் அங்கேயே தங்கிவிட்டன. வெளிச்சமே இல்லாத இடத்தில் கண் எதற்கு? கண் போய்விட்டது. பறக்க இடமில்லை, இறக்கை போய்விட்டது. நிறமும் போய்விட்டது, உமி மாதிரி ஒரு வெளிறிய மஞ்சள். மேகமலையில் ஏலத்தோட்டத்துக்கு மேலே, சோலைக்காட்டில், பாறைக்கடியில் முழங்கை ஆழத்து மண்ணில் இருந்தது. அந்த மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்து, மேலே மிதக்கிற சக்கையை வடிகட்டி, அந்தச் சக்கையைத் துளித்துளியாக மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அதிர்ஷ்டம் இருந்தால், ஒன்று கிடைக்கும்.

நான் கண்டுபிடித்தேன் என்றால், மண் கழுவியது பாண்டீஸ்வரிதான். அட்டைக்கடி வாங்கியதும் அவள்தான். ஒரு மழைக்காலம் முழுக்க ஏறினாள். அது களப்பணி, கூலிக்கு ஆள் வைத்தும் செய்யலாம். இது புதிய இனம் என்று சொல்வதற்குத்தான் படிப்பு வேண்டும். ஆண் வண்டின் வயிற்றைப் பிளந்து, உள்ளே இருக்கிற உறுப்பை உருவி எடுத்து, அதன் வளைவைப் பார்க்கவேண்டும். இனத்துக்கு இனம் வேறுபடுவது அங்கேதான். அந்தப் பிளக்கிற வேலையையும் அவளே செய்தாள் என்பது உண்மைதான். எனக்குக் கை கொஞ்சம் நடுங்கும். ஆனால் எங்கே பிளக்கவேண்டும் என்று பக்கத்தில் நின்று சொன்னது யார்?

முதல்வரிடம் போய்ச் சொன்னோம். புகைப்படத்தைக் கையில் வாங்கிக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். “ஏன் மேடம், இவ்வளவு கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சதுதான் கண்டுபிடிச்சீங்க, கொஞ்சம் பெருசா கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?” என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டார். பத்திரிகையிலிருந்து ஒரு பையன் வந்தான். எங்கள் வண்டின் படம் புள்ளி மாதிரி இருக்கிறதென்று, தென்னைமரத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டின் படத்தைப் போட்டு, கீழே என் பெயரையும் போட்டுவிட்டான். முதல்வர் அதைக் கத்தரித்து அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். ஊரில் பாதிப் பேர் தென்னைக்கு மருந்து கேட்டு எனக்குப் போன் செய்தார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு நடுவே நான் அறிவியல் செய்தேன்.

சரி, பெயருக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் சொத்து என்றால் அது ஒன்றுதான். புதிய இனத்தை முதலில் விவரித்து அச்சேற்றுகிறவர் வைப்பதுதான் பெயர். அச்சேறிவிட்டால் வைத்தவரே வந்து காலில் விழுந்தாலும் மாற்ற முடியாது. நாடுகள் பெயர் மாறும், வண்டு மாறாது. ஆனால் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது அசிங்கம், யாரும் செய்வதில்லை. யாராவது இன்னொருவர் நமக்கு வைக்கவேண்டும். எனக்கு யார் வைப்பார்கள்? நான் யாருக்கும் பல்லிளித்தவள் இல்லை. ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. கையில் இருந்தது ஒரு வண்டு. என் வாழ்நாளில் இன்னொன்று கிடைக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் பாண்டீஸ்வரி வந்து நின்றாள். நான் படம் வரைந்துகொண்டிருந்தேன்.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா?”

“கேள்.”

“பேரு… எங்க அக்கா பேர வைக்கலாமா மேடம்? சுருளின்னு.”

“உன் அக்கா வண்டுகளுக்கு என்ன செய்தாள்?”

“வண்டுக்கு ஒண்ணும் செய்யல மேடம். எனக்குச் செஞ்சா. நான் படிக்கணும்னு அவ பத்தாவதோட நிறுத்திட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டா. நான் என்ன படிக்கிறேன்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன், அவளுக்குப் புரியவே மாட்டேங்குது. பேரு இருந்தா, இதான்னு காட்டலாம் மேடம்.”

“சுருளி என்று ஓர் அருவியே விழுந்துகொண்டிருக்கிறது, அது போதாதா? அக்காவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடு. வண்டை அவள் எங்கே கட்டிக்கொள்வாள்?”

நல்ல பதில்தானே? அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். தலையைக் குனிந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

நான் வேறொரு முடிவுக்கு வந்திருந்தேன். ஞானசிகாமணியின் பெயரை வைப்பது என்று.

ஞானசிகாமணி எங்கள் துறைத் தலைவர். அந்த நாற்காலிக்கு எனக்கு முன்னால் வந்தவர் என்பதைத் தவிர அவருக்கு வேறு தகுதி கிடையாது. எல்லாவற்றையும் ‘பூச்சி’ என்பார். தேள் பூச்சி, நண்டு பூச்சி. ஆய்வு விலங்குகளின் உடல்களைப் பாதுகாக்கிற குளிர்பெட்டியில் தயிர்சாதம் வைப்பார். துறைக்கு வந்த ஒரே நல்ல மைக்ராஸ்கோப்பைத் துண்டு போர்த்தி, பீரோவில் பூட்டி, சாவியைப் பூணூல் மாதிரி கயிற்றில் மாட்டிக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். “எல்லாரும் பாத்தா லென்ஸ் தேஞ்சிரும் மேடம்” என்றார். லென்ஸ் தேய்ந்துவிடுமாம்! நான் என் வளையலை விற்று ஒன்று வாங்கினேன். வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்தால், என்னைப் பார்த்து, “மேடம், சாருக்கு ஒரு காப்பி பாருங்க” என்பார். முனைவர் பட்டம் வாங்கியவளை. இத்தனை வருடம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கண்ணில்லாத வண்டு. பறக்கத் தெரியாது. உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. கல்லுக்கு அடியிலேயே பிறந்து, கல்லுக்கு அடியிலேயே பருத்து, தன்னைவிடச் சிறியதைத் தின்று காலத்தை ஓட்டுகிறது. வேறு யார் பெயரை வைக்கமுடியும்? இதற்கென்றே அந்த மனிதர் பிறந்திருக்கிறார் என்று தோன்றியது.

ஆனால் ஏன் இந்தப் பெயர் என்று கட்டுரையில் ஒரு பத்தி எழுதியாகவேண்டும். அது மரியாதையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சஞ்சிகையில் போடமாட்டார்கள். எழுதினேன்: ‘துறைக்கு ஆற்றிய நெடுங்காலச் சேவையை முன்னிட்டு.’ விஷயத்தையெல்லாம் உடல் விவரணையில் வைத்தேன். ‘தலை பெரிது, உட்புறம் பெரும்பாலும் வெற்றிடம்.’ ‘நடை மெதுவானது, தொந்தரவு செய்தால் அசையாமல் கிடக்கும்.’ எல்லாம் உண்மை. எந்த ஆசிரியர்குழுவும் ஒரு வார்த்தையைத் தொட முடியாது. எழுதி முடித்ததும் பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டு உட்காரவைத்து வரிவரியாக விளக்கினேன். “பார், இது அவர் தலை. இது அவர் நடை. ஒருவரை அறைவதென்றால் இப்படி அறையவேண்டும். வாங்குகிறவன் கும்பிட்டு வாங்கிக்கொள்வான்.” வேறு யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ரசிக்கத் தெரியவில்லை. “அப்ப அக்கா பேரு இல்லையா மேடம்?” என்று மட்டும் கேட்டாள். எவ்வளவு சின்னப் புத்தி பாருங்கள்.

கட்டுரை என் பெயரில் வந்தது. கடைசியில் நன்றி என்ற இடத்தில் அவள் பெயரும் வந்தது. களப்பணி உதவிக்கு.

வந்த வாரமே ஞானசிகாமணி என் வீட்டுக்கு வந்தார். மனைவியோடு. பட்டுப்புடவை, பால்கோவா, சாத்துக்குடி எல்லாம். நான் காத்திருந்தேன், அவர் முகம் சிவப்பதைப் பார்க்க. உள்ளே வந்த மனிதர் உட்காரவில்லை. நின்றபடியே அழுதார் அம்மா! துண்டால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதார்.

“நான் உங்களுக்கு ஒண்ணுமே செஞ்சதில்லையே மேடம். மைக்ராஸ்கோப்பக்கூட பூட்டி வச்சேன். என் பிள்ளைங்க என் பேர அதுங்க பிள்ளைக்கு வைக்கல. பழைய பேரா இருக்குதாம். நீங்க வச்சிருக்கீங்க.”

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “இவரு வீதியில போறவங்கள எல்லாம் நிறுத்திக் காட்டுறாரு. கண்ணில்லாட்டியும் எப்படிப் பொழைக்குது பாருங்கன்னு” என்றாள்.

நான் என்ன செய்யமுடியும்? சேறு என்று எறிந்தது அவர் கழுத்தில் மாலையாகப் போய் விழுந்தது. விவரணையை வாசித்தீர்களா என்று கேட்டேன். “எழுத்தெண்ணி வாசிச்சேன் மேடம். என்ன துல்லியம்!” என்றார். முட்டாளை அவமானப்படுத்தக்கூட வழியில்லாத நாடு இது. நான் மதிக்காத ஒரே மனிதருக்கு, ஒரே மனிதர் என்ன, பலரில் முதல் மனிதருக்கு, நான் சாகாவரம் கொடுத்துவிட்டேன். திரும்பப் பெறவும் வழியில்லை. என்னிடம் இருந்ததோ அந்த ஒரு வண்டு.

புறப்படும்போது கேட்டார்: “இத மண்ணுல இருந்து எடுத்தது யாரு மேடம்? அவங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லணும்.” ஓர் ஆய்வு மாணவி, மண் கழுவினாள் என்றேன். மறுநாள் காலை ஆய்வகத்துக்கே போய் அவளைக் கும்பிட்டிருக்கிறார். துறைத் தலைவர், மாணவியை! பீரோவைத் திறந்து அந்த மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டுவந்து அவள் மேசையில் வைத்திருக்கிறார். துண்டையும் சேர்த்து.

கொஞ்ச நாளில் பாண்டீஸ்வரி ஆய்வு வழிகாட்டியை மாற்றிக்கொள்ள என் கையெழுத்துக் கேட்டு வந்தாள்.

“லென்ஸ் தேய்ந்துவிடும் என்றவரிடமா போகிறாய்? அவருக்கு வண்டுக்கும் வாழைக்காய்க்கும் வித்தியாசம் தெரியாதே!”

“தெரியாதுன்னு அவரே சொல்லிட்டாரு மேடம். நீ சொல்லிக்குடும்மா, நான் கத்துக்கறேன்னாரு.”

போட்டுக் கொடுத்தேன் கையெழுத்தை. நான் யாரையும் இழுத்துப் பிடிக்கிறவள் இல்லை. நன்றி கெட்டவர்கள் தானாகப் போனால் இடம் சுத்தமாகும். அதன்பிறகு அவள் ஒரு தீபாவளிக்குக்கூட வாழ்த்துச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

போன மாதம் கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு பணிவு. “மேடம், அதே மலையில இன்னும் ரெண்டு புது இனம் எடுத்திருக்கோம். ஒண்ணுக்கு உங்க பேரு வச்சிருக்கேன். மதுரையில சின்ன விழா. நீங்க கண்டிப்பா வரணும். மேடையில நீங்களே அதை வாசிக்கணும்.”

என் பெயர். மங்கையர்க்கரசி. கல்லில் வெட்டினால் தேயும், இது தேயாது. நான் அழவில்லை. ஞானசிகாமணி மாதிரி நின்று மூக்கைத் துடைக்கிறவளா நான்? ஆனால் சொல்கிறேன், அன்று சமைக்க ஓடவில்லை. யாராவது ஒருத்தி, யாரோ ஒருத்தி, என்னிடமிருந்து எதைக் கற்றாள் என்பதை ஒப்புக்கொண்டாளே என்றுதான்.

இன்னொன்றுக்கு அக்காவின் பெயரையே வைத்துவிட்டாளாம். சுருளி. பிடிவாதம் விட்டதா பாருங்கள். அக்காவும் திருப்பூரிலிருந்து விழாவுக்கு வருகிறாளாம். அந்த வண்டைப் பற்றியும் வாசித்தேன். உடம்பு பளபளப்பு, கால்கள் நீளம், கூட்டமாக வாழும், தாய் முட்டைகளோடு கடைசிவரை இருக்கும் என்று ஒரே பாசமழை. அறிவியலில் இத்தனை ஈரம் கூடாது.

என்னுடையது அப்படியில்லை. இதோ கட்டுரை. ஆங்கிலம், நான் தமிழில் சொல்கிறேன், கேளுங்கள். ‘மேல்தாடைகள் அளவுக்கு மீறி நீண்டவை, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே படிவதால் வாய் ஒருபோதும் முழுமையாக மூடுவதில்லை.’ எவ்வளவு கச்சிதமான வாக்கியம்! நான் பழக்கியது. ‘தன்னைவிடச் சிறிய உயிர்களையே உண்ணும். கண்ணாடிக் குப்பியில் வளர்த்தபோது தன் குஞ்சுப் புழுக்களையும் தின்றது.’ இயற்கையில் அதெல்லாம் சகஜம். ‘ஒரு கல்லுக்கு அடியில் இரண்டு கிடைத்ததே இல்லை, எப்போதும் தனியே இருக்கும்.’ தனித்து நிற்பது. என்னை அறிந்தவள்தான் இதை எழுதமுடியும். கடைசியில் பெயர்க்காரணம்: ‘இனங்களுக்குப் பெயர் வைப்பது எப்படி என்று எனக்குக் கற்றுத்தந்த பேராசிரியர் மங்கையர்க்கரசிக்கு.’ எனக்கு என்றுதான் போட்டிருக்கிறாள், எங்களுக்கு என்றுகூட இல்லை. கட்டுரையைக் கூடச் சேர்ந்து எழுதிய ஞானசிகாமணிக்கு அதில் பங்கில்லை.

என்ன அம்மா? எழுந்துவிட்டீர்கள்? அதற்குள் உசிலம்பட்டியா?

என்ன கேட்டீர்கள்?

கோபத்தில் வைத்திருப்பாளோ என்றா?

இல்லை. உங்களுக்கு இந்த உலகம் தெரியாது, அதனால் கேட்கிறீர்கள். இது மரியாதை. உலகம் முழுக்க வாசிக்கிற சஞ்சிகையில் யாராவது கோபத்தைப் போய்… அவள் ஒரு சாதாரணப் பெண் அம்மா. உழைப்பாளி, அவ்வளவுதான். வரிவரியாக யோசித்து ஒருவரை அப்படிக் குத்துவதற்கு ஒரு கூர்மை வேண்டும். அவளுக்கு அது கிடையாது. நான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தபோதே அவளுக்கு… அவள் சும்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

உட்காருங்கள். கேள்வியைப் போட்டுவிட்டு இறங்கிப்போனால் எப்படி? அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வரலாம், நான் டிக்கெட் எடுக்கிறேன். பையை நான் பிடிக்கவில்லை, அது மாட்டிக்கொண்டது. சரி, போங்கள். போங்கள்! துணி வெட்டுகிறவர்களுக்கு எல்லாம் கத்தரிக்கோலாகத்தான் தெரியும்.

கண்டக்டர்! கண்டக்டர், இங்கே கொஞ்சம் வாருங்கள். டிக்கெட் எடுத்துவிட்டேன், அது இல்லை. நீங்கள் எதுவரை படித்திருக்கிறீர்கள்? சரி, படிப்பை விடுங்கள், அது வேண்டாம். இந்த இடம் காலியாகத்தானே இருக்கிறது, ஒரு நிமிடம் உட்காருங்கள் தம்பி. மதுரை வருவதற்குள் எனக்கு ஒன்று தெரிந்தாகவேண்டும். வண்டு ஒன்று. வாய் முழுமையாக மூடாது…